கடலடிச் சேற்றில் ஒரு காடு

2010-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 'ஜாய்டெஸ் ரெசல்யூஷன்' என்ற துளையிடும் கப்பல் அண்டார்டிகாவின் வில்க்ஸ் லேண்ட் கரைக்கு எதிரே நடுக்கடலில் நின்றது. கப்பலுக்கு அடியில் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர். அதற்கும் கீழே கடல் தரையை ஏறக்குறைய 1 கிலோமீட்டர் துளைத்து, உருளை உருளையாகச் சேற்றையும் களிப்பாறையையும் மேலே எடுத்தார்கள். துளையின் அடிமட்டத்தில் கிடைத்த படிவுகளின் வயது 5 கோடி ஆண்டுகளுக்கும் மேல். அவற்றை அமிலத்தில் கரைத்து, மிஞ்சியதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது அதில் பனைக் குடும்பத்து மரங்களின் மகரந்தம் இருந்தது. கூடவே, இலவமும் பெருக்க மரமும் அடங்கிய கூட்டத்தைச் சேர்ந்த மரங்களின் மகரந்தமும் இருந்தது.

இன்று பனிப்பாளமாகக் கிடக்கும் கண்டத்தின் ஓரத்தில் பனையும் இலவத்தின் உறவுக்கார மரங்களும்! இன்றைய பனை வகைகள் கடும் உறைபனியைத் தாங்குவதில்லை. அதை வைத்து, நீண்ட துருவ இரவு கவிந்த குளிர்காலத்திலும் அந்தக் கரையோரத்தின் சராசரி வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். 2012-இல் 'நேச்சர்' இதழில் இந்த முடிவு வெளியானது. அந்தக் காட்டிலிருந்து ஒரு மரத்துண்டுகூட இவர்கள் கைக்கு வரவில்லை. வெறும் கண்ணுக்குத் தெரியாத தூள்தான் சாட்சி. அந்தத் தூள் எப்படிக் கடலுக்குள் போகிறது, அதை எப்படிப் படிக்கிறார்கள், படிக்கும்போது எங்கெல்லாம் ஏமாந்துபோக வாய்ப்பிருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் மகரந்தம். பூக்கும் தாவரங்களும் பைன் போன்ற ஊசியிலை மரங்களும் இனப்பெருக்கத்துக்காக வெளிவிடும் நுண்துகள் அது. பெரும்பாலான துகள்களின் அளவு 10 முதல் 100 மைக்ரோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் இரண்டு மூன்றை அடுக்கிவிடலாம். உள்ளே இருக்கும் உயிரணு சீக்கிரமே அழிந்துவிடும். வெளிச்சுவர் அப்படியில்லை. அது ஸ்போரோபொலெனின் என்ற பொருளால் ஆனது. உயிர்கள் உருவாக்கும் பொருட்களிலேயே மிக உறுதியானவற்றில் இதுவும் ஒன்று. பாறையைக் கரைக்கும் அமிலம்கூட அதைக் கரைப்பதில்லை. அதற்கு உண்மையான எதிரி ஆக்சிஜன். காற்றோட்டமான, நனைந்து நனைந்து காயும் மண்ணில் மகரந்தச் சுவர் அரித்துப்போய்விடும். ஆக்சிஜன் எட்டாத ஈரச் சேற்றுக்குள் புதைந்துவிட்டால் கோடிக்கணக்கான ஆண்டுகள் நிற்கும்.

சுவர் நின்றால் மட்டும் போதாது. அது யாருடையது என்று தெரிய வேண்டும். இங்கேதான் இயற்கை நமக்குப் பெரிய உதவி செய்திருக்கிறது. பைன் மகரந்தத்துக்கு இரண்டு பக்கமும் காற்றுப்பை உண்டு. ஒரு உடலும் இரண்டு பெரிய காதுகளும் கொண்ட பொம்மைத் தலை போலத் தெரியும். புல் மகரந்தம் வழுவழுப்பான உருண்டை, ஒரே ஒரு துளை, துளையைச் சுற்றித் தடித்த வளையம். உமரிச் செடியும் கீரைகளும் அடங்கிய குடும்பத்தின் துகள், உடம்பெல்லாம் குழிகளோடு கோல்ஃப் பந்து போல இருக்கும். சூரியகாந்திக் குடும்பத்தில் பலவற்றுக்கு உருண்டை முழுக்க முள். நான்கைந்து வகைகளைப் பழகிவிட்டால் பிறகு தெருவில் தெரிந்த முகத்தைப் பார்ப்பது போலத்தான். ஆனால் எல்லா முகமும் இவ்வளவு தெளிவில்லை. புற்குடும்பத்தின் ஆயிரக்கணக்கான இனங்கள் மைக்ரோஸ்கோப்பில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். மூங்கிலா, நாணலா, வறண்ட வெளியில் வளரும் புல்லா என்று பிரிப்பது பெரும்பாலும் முடியாத காரியம். மகரந்தம் தாவரத்தின் குடும்பத்தையோ பேரினத்தையோ சொல்லும். இனத்தின் பெயரைச் சொல்வது அபூர்வம்.

இந்தத் துறை தொடங்கியது கடலில் இல்லை. ஸ்வீடனைச் சேர்ந்த புவியியலாளர் லென்னார்ட் ஃபான் போஸ்ட், கரிச்சதுப்பு நிலங்களில் அடுக்கடுக்காகப் படிந்திருந்த மகரந்தத்தை எண்ணினார். ஒவ்வோர் அடுக்கிலும் எந்த மரம் எத்தனை சதவீதம் என்று வரைபடமாக்கி, 1916-இல் கிறிஸ்டியானியாவில், அதாவது இன்றைய ஓஸ்லோவில், ஓர் அறிவியல் கூட்டத்தில் காட்டினார். கீழிருந்து மேலாகப் படித்தால் காடு மாறிய கதை தெரியும். இன்றுவரை மகரந்த வரைபடம் அதே வடிவில்தான் வரையப்படுகிறது. மகரந்தவியல் என்று நாம் சொல்லும் துறைக்கு ஆங்கிலத்தில் 'பாலினாலஜி' என்ற பெயர் வந்தது 1944-இல்தான்.

சரி, சதுப்பும் ஏரியும் இருக்கும்போது எதற்காகக் கடலுக்குப் போக வேண்டும்? முதல் காரணம், நீளம். ஏரிகள் தூர்ந்துபோகும், வற்றும். வட ஐரோப்பாவிலும் கனடாவிலும் பனிப்பாளங்கள் வந்து பழைய படிவுகளை வழித்துத் தள்ளிவிட்டன. பாலைவனத்தில் ஏரிகள் அரிது. ஆழ்கடலில் சேறு இடைவிடாமல் விழுந்துகொண்டே இருக்கிறது. கரையிலிருந்து வெகு தொலைவில் ஆயிரம் ஆண்டுக்கு ஒரு சில சென்டிமீட்டர்தான் சேரும். கண்டத்தின் சரிவில், பெரிய ஆறுகள் வண்டல் கொட்டும் இடங்களில், ஆயிரம் ஆண்டுக்குப் பல பத்து சென்டிமீட்டர்கூடச் சேரும். ஆயிரம் ஆண்டுக்கு 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு சென்டிமீட்டர் சேறு என்பது 50 ஆண்டு.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதே சேற்றில் கடலின் சொந்தப் பதிவும் இருக்கிறது. ஃபொராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிரிகளின் சுண்ணாம்பு ஓடுகள் கடல் எவ்வளவு சூடாக இருந்தது, உலகில் பனிப்பாளம் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதைச் சொல்கின்றன. ஒரு சென்டிமீட்டர் சேற்றை எடுத்துப் பாதியை ஓடுகளுக்கும் பாதியை மகரந்தத்துக்கும் பிரித்தால், கடலில் நடந்ததும் நிலத்தில் நடந்ததும் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கின்றன. எங்கோ ஓர் ஏரிப் படிவின் வயதையும் எங்கோ ஒரு கடல் படிவின் வயதையும் தனித்தனியாகக் கணக்கிட்டு ஒப்பிட்டால், இரண்டு கணக்கிலும் உள்ள பிழை சேர்ந்து, எது முதலில் நடந்தது என்ற கேள்வியையே குழப்பிவிடும். ஒரே சேற்றில் அந்தக் குழப்பம் இல்லை. வயதுக் கணக்கில் தவறு இருந்தாலும் இரண்டுக்கும் ஒரே தவறுதான். முன்பின் வரிசை மாறாது.

ஆனால் நிலத்தின் மகரந்தம் ஆழ்கடலுக்கு வருவது நெடும் பயணம். இந்தத் துறையில் பாதி வேலை அந்தப் பயணத்தைப் புரிந்துகொள்வதுதான். யான் முல்லர் என்பவர் ஓரினோகோ ஆற்றின் கழிமுகத்தையும் அதற்கு அப்பால் உள்ள கடலையும் ஆராய்ந்து 1959-இல் எழுதியது இன்றும் அடிப்படைப் பாடம். அங்கே மகரந்தத்தைச் சுமந்து வருவது முக்கியமாகத் தண்ணீர் என்று அவர் காட்டினார். நீருக்குள் வந்துவிட்டால் மகரந்தமும் ஒரு வண்டல் துகள்தான். மெல்லிய வண்டல் எங்கே போகுமோ அங்கே அதுவும் போகும். ஆகவே ஆறு பாயும் கரைக்கு எதிரே எடுத்த சேறு, அந்த ஆற்றின் வடிநிலம் முழுவதையும் கலந்து சொல்கிறது. எந்தக் காடு, எந்த மலைச்சரிவு என்று தனியாகச் சொல்லாது.

வறண்ட கரைகளில் கதை வேறு. சகாராவுக்கு மேற்கே அட்லாண்டிக்கில் சேரும் மகரந்தத்தில் பெரும்பங்கு காற்றில் வருவது. வடக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று மத்தியதரைக் கடலோரத்தின் பைனையும் மாசிப்பத்திரி வகைச் செடிகளையும் கொண்டுவரும். அதற்கு மேலே உயரத்தில் கிழக்கிலிருந்து ஓடும் காற்றோட்டம் சகாராவின் தெற்கு விளிம்பிலிருந்தும் அதற்குத் தெற்கே உள்ள புல்வெளியிலிருந்தும் கொண்டுவரும். ஹென்றி ஹூகிம்ஸ்ட்ரா, லிடி டூபோன் போன்றவர்கள் இதைப் பிரித்தறிந்து, பாலைவனத்தின் விளிம்பு வடக்கேயும் தெற்கேயும் நகர்ந்ததைப் பின்தொடர்ந்தார்கள். பதினான்காயிரம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிச் சுமார் 5,500 ஆண்டுகளுக்கு முன்புவரை சகாராவின் பெரும்பகுதி புல்வெளியாக இருந்தது என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். அந்த முடிவுக்குக் கடலில் விழுந்த தூசியும் மகரந்தமும் வலுவான ஆதாரங்கள்.

கடலின் மேற்பரப்பை அடைந்தபின் கீழே போவது எப்படி? 30 மைக்ரோமீட்டர் துகள் தனியாக மூழ்கினால் அடியைச் சேர நாளாகும். அதற்குள் நீரோட்டம் எங்கோ இழுத்துப் போய்விடும். நடைமுறையில் மிதவை உயிரிகள் அதை விழுங்கிக் கழிவோடு வெளியேற்றுகின்றன. சளி போன்ற பிசினில் ஒட்டிக்கொண்டு கட்டியாகவும் விழுகிறது. அப்படிக் கனமான பொட்டலமாகப் போவதால் ஓரளவு நேராகவும் விரைவாகவும் தரையை அடைகிறது.

பைன் மட்டும் தனிக் கதை. அதன் காற்றுப்பைகள் காற்றில் மட்டுமல்ல, நீரிலும் மிதக்க உதவுகின்றன. ஒரு பைன் காடு விடும் மகரந்தத்தின் அளவும் அபாரம். விளைவு: கரையிலிருந்து விலக விலக மற்ற மகரந்தம் குறையும், பைனின் பங்கு கூடும். அருகில் பைன் காடே இல்லாத நடுக்கடலிலும் ஸ்லைடு முழுக்கப் பைன் நிற்கும். அதனால் கடல் மகரந்த ஆய்வுகளில் சதவீதம் போடும்போது பைனைப் பல நேரம் மொத்தக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுவார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 400 துகள் எண்ணுகிறீர்கள்: பைன் 300, புல் 60, ஓக் 40. எல்லாவற்றையும் சேர்த்தால் ஓக் 10 சதவீதம். பைனை விலக்கினால் 40 சதவீதம். ஒரே ஸ்லைடு, இரண்டு வேறு காடுகள். ஆகவே ஒரு மகரந்த வரைபடத்தைப் பார்த்தவுடன், எதை நூறாக வைத்துச் சதவீதம் போட்டிருக்கிறார்கள் என்பதைத் தேடிப் படியுங்கள்.

இனி ஆய்வகம். துளைத்து எடுத்த நீண்ட சேற்று உருளையை, அதாவது தண்டை, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைப் பத்திரப்படுத்திவிட்டு, மறுபாதியில் குறித்த இடைவெளியில் சில கிராம் சேறு எடுப்பார்கள். கப்பலிலிருந்தே குழாயை இறக்கி உள்ளே பிஸ்டன் வைத்துச் சேற்றைக் கலையாமல் உறிஞ்சி எடுக்கும் கருவியை 1940-களில் உருவாக்கியவர் ஸ்வீடனின் பியோரே குல்லன்பெர்க். அந்தக் கருவி வந்த பிறகுதான் பல மீட்டர் நீளத் தண்டுகள் சாத்தியமாயின.

எடுத்த சேற்றில் முதலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்பெல்லாம் நுரைத்துக் கரையும். அடுத்தது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். மணலையும் களிமண்ணையும் கரைப்பது அது. தோலில் பட்டால் உள்ளே இறங்கி எலும்புவரை போகக்கூடிய பயங்கரமான அமிலம் என்பதால் அதற்கென்றே உள்ள புகைப்பெட்டிக்குள், தடித்த கையுறையும் முகக்கவசமும் அணிந்து, தனிப் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே கையாளுவார்கள். அப்புறம் நுண்ணிய வலையில் சலித்து, மிஞ்சியதைக் கிளிசரினில் கலந்து கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு வைக்கிறார்கள். சில கிராம் சேறு, ஒரு சொட்டாகச் சுருங்கிவிட்டது.

கிளிசரின் ஏன் என்று எனக்கு முதலில் புரியவில்லை. காரணம் அழகானது. கிளிசரின் உறையாமல் இருப்பதால், மேல் கண்ணாடியை ஊசி முனையால் லேசாக அழுத்தினால் உள்ளே துகள் உருளும். ஒரு பக்கத்திலிருந்து முக்கோணமாகத் தெரிந்தது இன்னொரு பக்கத்தில் முட்டை வடிவமாகத் திரும்பும். அப்போதுதான் பள்ளங்கள் மூன்றா நான்கா, பள்ளத்துக்கு நடுவே துளை இருக்கிறதா என்று தெரியும். 400 மடங்கு பெருக்கத்தில் வரிசை வரிசையாக நகர்த்திப் பார்த்து, சந்தேகம் வந்தால் 1000 மடங்குக்கு மாற்றி, துகளை உருட்டி, ஒப்பீட்டுத் தொகுப்பில் உள்ள இன்றைய தாவரத்தின் மகரந்தத்தோடு பொருத்திப் பார்த்து, ஒரு கோடு போட வேண்டும். இப்படி 300 கோடு. இது ஒரே ஒரு மாதிரிக்கு. ஒரு தண்டில் நூற்றுக்கணக்கான மாதிரிகள் இருக்கும். ஒரு வரைபடத்துக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் ஒருவர் மைக்ரோஸ்கோப்பின் முன் குனிந்திருக்கிறார்.

சதவீதத்தில் இன்னொரு கண்ணி உண்டு. மொத்தம் எப்போதும் 100 என்பதால், ஒன்று கூடினால் மற்றவை குறைந்தே ஆக வேண்டும். ஓக் சதவீதம் சரிந்தால் ஓக் மரம் குறைந்ததா, அல்லது ஓக் அப்படியே இருக்கப் புல் பெருகியதா? இதைத் தீர்க்க ஓர் எளிய வழி கண்டுபிடித்தார்கள். சேற்றை அமிலத்தில் போடும் முன், எண்ணிக்கை தெரிந்த வேற்றுத் துகள்களை அதில் கலந்துவிடுவது. பெரும்பாலும் லைகோபோடியம் என்ற பாசி போன்ற செடியின் ஸ்போர்கள், மாத்திரை வடிவில். 10,000 ஸ்போர் கலந்தோம், ஸ்லைடில் 300 மகரந்தம் எண்ணும்போது 100 ஸ்போர் கண்ணில் பட்டது என்றால், கலந்ததில் நூறில் ஒரு பங்கைப் பார்த்திருக்கிறோம். ஆகவே மாதிரியில் மொத்தம் 30,000 மகரந்தம். இப்போது ஓக்கின் உண்மையான எண்ணிக்கை தெரிந்துவிடும்.

எண்ணி முடித்தாயிற்று. அதைத் தட்பவெப்பமாக மாற்றுவது எப்படி? அடிப்படைச் சிந்தனை எளிது. இன்று அந்தத் தாவரம் எந்தச் சூழலில் வளர்கிறதோ, அன்றும் கிட்டத்தட்ட அதே சூழலை விரும்பியிருக்கும். மாசிப்பத்திரி இனமும் உமரிக் குடும்பமும் சேர்ந்து கூடினால் வறட்சி. சுரபுன்னை போன்ற அலையாத்தி மரங்களின் மகரந்தம் கூடினால், வெப்பமான கரையில் உப்பும் நன்னீரும் கலக்கும் இடம் விரிந்திருக்கிறது. கடல் மட்டம் உயர்ந்துகொண்டிருந்த காலத்திலும் அலையாத்தி பெருகும் என்பதால் அதை மழையின் கணக்கில் மட்டும் எழுதிவிடக் கூடாது. 5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பனைக்கு இன்றைய பனையை அளவுகோலாக வைப்பதில் உறுதி குறைவு. சில ஆயிரம் ஆண்டுப் பழைய ஓக்குக்கு அந்தத் தயக்கம் வேண்டியதில்லை.

பலர் மறந்துவிடும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பனியுகத்தின் உச்சத்தில் காற்றில் கார்பன் டை ஆக்ஸைடு பத்து லட்சத்தில் 180 முதல் 190 பங்குதான் இருந்தது. தொழிற்புரட்சிக்கு முன் அது 280. கார்பன் குறைந்தால் இலைகள் துளைகளை அதிகம் திறந்துவைக்க வேண்டும், அதனால் நீரிழப்பு கூடும். வெப்பப் பகுதியின் புற்களில் பல, குறைந்த கார்பனிலும் சமாளிக்கும் ஒளிச்சேர்க்கை முறையைக் கொண்டவை. ஆகவே மழை கொஞ்சமும் குறையாமலேயே மரம் பின்வாங்கிப் புல் முன்னேற முடியும். புல் மகரந்தம் கூடியதைப் பார்த்தவுடன் வறட்சி என்று எழுதிவிடும் கட்டுரைகளை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

அதே காலத்தில் கடல் மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. கரையை ஒட்டிய ஆழமற்ற கடல்தரையான கண்டத்திட்டு வெளியே வந்தது, அதன்மேல் செடிகள் முளைத்தன, ஆற்றின் வாய் நாம் தண்டு எடுத்த இடத்தை நெருங்கி வந்தது. மகரந்தம் கூடியது காடு பெருகியதாலா, கரை கிட்டே வந்ததாலா? அலையும் ஆறும் பழைய பாறைகளை அரித்து, லட்சக்கணக்கான ஆண்டுப் பழைய மகரந்தத்தைப் புதிய சேற்றில் கலந்துவிடுவதும் உண்டு. தேய்ந்த சுவரும் மாறிய நிறமும் பெரும்பாலும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வயதைக் கணிப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுமார் 50,000 ஆண்டுகள்வரை ஃபொராமினிஃபெரா ஓடுகளில் ரேடியோகார்பன். கடல் நீரின் கார்பன் பழையதாக இருப்பதால் சில நூறு ஆண்டுகளைக் கழித்துத் திருத்த வேண்டும். அதற்கு அப்பால் ஓட்டில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகள். பனிப்பாளங்கள் இலேசான ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கடலில் கனமான ஆக்சிஜனின் பங்கு கூடும். அந்த ஏற்ற இறக்கம் உலகம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதால் அதையே கடிகாரமாக வைக்கலாம். இன்னும் கீழே போனால் பூமியின் காந்தப்புலம் தலைகீழாகத் திரும்பிய அடையாளங்கள். கடைசியாக அது திரும்பியது சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்.

இந்த முறை ஒரு பெரிய சர்ச்சைக்குள் இறங்கிய இடம் அமேசான். பனியுகங்களில் அமேசான் மழைக்காடு வறண்டு, புல்வெளிக்கு நடுவே தீவு தீவாகச் சுருங்கியது, அந்தப் பிரிவினால்தான் இவ்வளவு இனங்கள் தோன்றின என்று 1969-இல் யூர்கன் ஹாஃபர் முன்வைத்தார். பல ஆண்டுகள் அது செல்வாக்கோடு இருந்தது. பின்னர் ஆற்றின் வாய்க்கு எதிரே ஆழ்கடலில் விசிறி போல விரிந்துள்ள வண்டலைத் துளைத்து எடுத்தார்கள். அதிலிருந்த மகரந்தத்தை சைமன் ஹேபர்லேயும் மார்க் மாஸ்லினும் ஆராய்ந்து 1999-இல் வெளியிட்டார்கள். புல் எதிர்பார்த்த அளவுக்குப் பெருகவில்லை. காட்டு மரங்கள் தொடர்ந்து இருந்தன, குளிர்விரும்பிகளான மலை மரங்களின் மகரந்தம் கூடியிருந்தது. காடு குளிர்ந்தது, ஆனால் புல்வெளியாகிவிடவில்லை என்பது அவர்களின் வாசிப்பு. ஆற்றங்கரைக் காட்டின் குரல் வண்டலில் அளவுக்கு மீறி ஒலிக்கும் என்ற மறுப்பும் வந்தது. அதுவும் நியாயமான மறுப்புதான். வடிநிலம் முழுவதையும் கலந்து சொல்லும் சாட்சியிடம் ஒரு மூலையைப் பற்றி மட்டும் கேட்க முடியாது.

போர்ச்சுகலின் தென்மேற்கே, 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில், 1995-இல் 'மரியோன் டுஃப்ரேன்' என்ற பிரெஞ்சு ஆய்வுக் கப்பல் எடுத்த ஒரு தண்டு இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. அங்கே தேகஸ், சாடோ ஆறுகள் நிலத்தின் மகரந்தத்தைக் கொண்டுவருகின்றன. கடைசிப் பனியுகத்தில் வட அட்லாண்டிக்கில் பனிமலைகள் கூட்டமாக உடைந்து மிதந்த காலங்கள் சில உண்டு. அந்தக் காலங்களின் சேற்றில், பனிமலைகள் உருகி உதிர்த்த கற்துகளும் குளிர்நீர் ஃபொராமினிஃபெராவும் இருக்கின்றன. அதே சென்டிமீட்டரில் மரங்களின் மகரந்தம் சரிகிறது, மாசிப்பத்திரியும் உமரிக் குடும்பமும் ஏறுகின்றன. கடல் குளிர்ந்தபோது ஐபீரியாவின், அதாவது ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய தீபகற்பத்தின், காடு வறண்ட புதர்வெளிக்கு இடம் கொடுத்தது, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பின்தங்காமல், உடனுக்குடன்.

அதே தண்டில் இன்னும் கீழே, கடைசிப் பனியுகத்துக்கு முந்தைய வெப்பக் காலம் இருக்கிறது. ஐரோப்பாவின் சதுப்புகளில் காடு செழித்த அந்தக் காலத்துக்கு நெதர்லாந்தின் ஏம் ஆற்றை ஒட்டி ஏமியன் என்று பெயர். உலகில் பனிப்பாளம் மிகக் குறைவாக இருந்ததாகக் கடல் படிவுகள் காட்டும் காலத்துக்கு 5இ என்று பெயர். இரண்டும் ஒன்றுதான், தொடக்கமும் முடிவும் ஒன்றுதான் என்று நெடுங்காலம் எடுத்துக்கொள்ளப்பட்டது. மரியா ஃபெர்னாண்டா சான்செஸ் கோன்யி, நிக்கோலஸ் ஷாக்கிள்டன் முதலானோர் ஓட்டின் ஆக்சிஜனையும் மகரந்தத்தையும் ஒரே தண்டில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார்கள். 5இ தொடங்கிச் சில ஆயிரம் ஆண்டுகள் கழித்துத்தான் காடு பரவியது. பனிப்பாளங்கள் மறுபடி வளரத் தொடங்கிய பிறகும் ஐபீரியாவின் காடு மேலும் பல ஆயிரம் ஆண்டுகள் நின்றது.